உடைஞ்ச பீங்கானை ஏன் சேர்த்து வைக்கணும்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். பன்னிரண்டாம் வகுப்பு தமிழ்ப் பரீட்சைக்கு அப்புறம் தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஃப்ளை ஆஷ் கலந்த தரை ஓடு. நாலு பேர் டீம். முதல் தடவை ஃபர்னஸ்ல வச்ச ஏழு ஓடும் விரிசல் விட்டது. ரெண்டு ஓடு கையில எடுக்கும்போதே ரெண்டாப் பிளந்துடுச்சு. ரெண்டாவது தடவை வச்ச அஞ்சும் நல்லா வந்தது. ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தப்போ என் டீம்மேட் சொன்னான்: "டேய், உடைஞ்சதை யாரு கேக்கப் போறா? 'அஞ்சு மாதிரிகள் தயாரிக்கப்பட்டன'ன்னு போடு. முடிஞ்சது."

பொய் இல்லைதான். அஞ்சு தயாரிச்சோமே. ஆனா எனக்குக் கை ஓடல. அதுக்குக் காரணம், கடந்த மூணு மாசமா ராத்திரி ராத்திரி நான் பார்த்துக்கிட்டு இருக்கிற ஒரு சம்பந்தமே இல்லாத விஷயம்: 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பீங்கான். சிரிக்காதீங்க. என்னோட கட்சி இதுதான்: பழைய பீங்கான் சேர்க்கிறவங்ககிட்ட நம்ம லேப் கத்துக்க வேண்டிய ஒரு பழக்கம் இருக்கு. உடைஞ்சதை வெளியே போடக்கூடாது.

விரிசல்ல இருந்து ஆரம்பம்

ஓடு ஏன் உடைஞ்சதுன்னு தேடிக்கிட்டே போனப்போதான் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தோட இணையதளத்துல போய் விழுந்தேன். அங்க ஆயிரக்கணக்கான கோப்பை, தட்டு, டீபாட் எல்லாத்துக்கும் போட்டோவும் குறிப்பும் இருக்கு. காசு வேண்டாம், விசா வேண்டாம். பீங்கான் சேர்க்கிறதுன்னா பணக்காரங்க அலமாரியில அழகுக்கு வைக்கிறதுன்னு நானும் நினைச்சுட்டு இருந்தேன். பத்து குறிப்பு படிச்சதும் புரிஞ்சது, இது முழுக்க முழுக்க மெட்டீரியல் சயின்ஸ்.

கதைச் சுருக்கம் இது. உண்மையான பீங்கான் சீனாக்காரங்க கண்டுபிடிச்சது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் சீனக்கல் என்ற பாறைத் தூளும் சேர்த்து, 1300 டிகிரி அளவு சூட்டுல சுட்டா வெள்ளையா, கெட்டியா, வெளிச்சத்துல பிடிச்சா ஒளி ஊடுருவுற மாதிரி வரும். ஐரோப்பாவுக்கு அந்த ரகசியம் ரொம்ப நாள் பிடிபடல. ஜெர்மனியில சாக்ஸனி மன்னர், தங்கம் செய்றேன்னு சொன்ன பாட்கர் என்ற இளைஞனைப் பிடிச்சு வச்சிருந்தார். அவனும் அவனோட இருந்த அறிஞர்களும் தங்கம் செய்யல, 1708 வாக்குல பீங்கான் செஞ்சாங்க. 1710-ல மைசன் தொழிற்சாலை வந்தது.

இங்கிலாந்து? அப்பவும் வெறும் கையோட நின்னது. 1740-கள்லதான் அங்க முதல் தொழிற்சாலைகள் வருது. சரியான மண் எதுன்னு தெரியாம ஆளாளுக்கு ஒரு சமையல். லண்டன் செல்சியில நிக்கோலஸ் ஸ்ப்ரிமான்ட் என்ற வெள்ளிப் பாத்திரக் கைவினைஞர் நடத்துன தொழிற்சாலை, கண்ணாடித் தூள் மாதிரியான ஒரு கலவையைக் களிமண்ணோட சேர்த்தது. பார்க்க வெண்ணெய் மாதிரி அழகு. ஆனா சூளையில வெப்பம் கொஞ்சம் கூடினா உருகிச் சாயும், கொஞ்சம் குறைஞ்சா வேகாது. கொதிக்கிற தண்ணி ஊத்தினா விரிசல் விடற ஆபத்து வேற. டீ குடிக்கிற ஊர்ல டீபாட் வெடிச்சா எப்படி வியாபாரம் பண்றது?

லண்டன் பக்கத்துல போ என்ற இடத்துல தாமஸ் ஃப்ரை எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி மண்ணுல கலந்தார். 1749-ல அவர் வாங்கின காப்புரிமை அதைப் பத்தினதுதான். வூஸ்டர் தொழிற்சாலை 1751-ல ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே பிரிஸ்டல்ல இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையை எடுத்துக்கிட்டு, அவங்களோட மாக்கல் சூத்திரத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டாங்க. மாக்கல்னா நம்ம ஊர் கல்சட்டி செய்ற அதே வகைக் கல். கல்சட்டி சூடு தாங்கும்னு நம்ம பாட்டிக்குத் தெரியும். வூஸ்டர் டீபாட் கொதிநீருக்கு உடையாதுன்னு பேர் வாங்கினதும் அந்தக் கல்லாலதான்.

இதுல ஒரு வேடிக்கை. பிளிமத் ஊர்ல மருந்து வியாபாரம் செஞ்ச வில்லியம் குக்வொர்தி, கார்ன்வால் மலையில கயோலினும் சீனக்கல்லும் இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். சீனாவோட சரியான விடை அவர் கையில கிடைச்சாச்சு. 1768-ல காப்புரிமை வாங்கித் தொழிற்சாலையும் வச்சார். ஆனா சூளை அவருக்கு ஒத்துழைக்கல. புகைக்கறை, கோணல், விரிசல். 1770-ல தொழிற்சாலை பிரிஸ்டலுக்குப் போச்சு, அப்புறம் கை மாறுச்சு, 1781-ல காப்புரிமையை ஸ்டாஃபோர்ட்ஷைர்காரங்களுக்கு வித்துட்டாங்க. சரியான விடை தெரிஞ்சவர் தோத்தார். விடை தெரியாம எலும்பையும் கல்லையும் போட்டுப் பார்த்தவங்களோட வழி பிழைச்சது.

எப்படின்னா, 1790-கள்ல ஸ்போட் குடும்பம் ரெண்டையும் சேர்த்துச்சு. பாதி எலும்புச் சாம்பல், மீதியில கார்ன்வால் கயோலினும் சீனக்கல்லும் சரிபாதி. அதுதான் போன் சைனா. இன்னைக்கும் கடையில விக்கிற போன் சைனா கோப்பைக்கு அடிப்படை ஏறக்குறைய இதே கணக்குதான். (இதைச் சொன்னப்போ ஹாஸ்டல்ல என் சைவ நண்பன் கையில இருந்த கப்பைக் கீழ வச்சுட்டு, "அப்போ நெஜமாவே எலும்பா?"ன்னு கேட்டான். ஆமா மச்சான், நெஜமாவே எலும்புதான்.)

அலங்காரத்துக்குப் பின்னாடி இருக்கிறது

சேர்க்கிறவங்க முதல்ல பார்க்கிறது அலங்காரத்தை. அதுலயும் நமக்குப் பாடம் இருக்கு.

நீலம் வெள்ளை ஏன் இவ்வளவு அதிகம்? ரசனை மட்டும் காரணம் இல்லை. கோபால்ட் நீலம் கிளேஸ் உருகுற சூட்டைத் தாங்கும். அதனால கிளேஸுக்கு அடியிலயே வரைஞ்சு சேர்த்துச் சுட்டுடலாம். சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் அந்தச் சூட்டுல காணாமப் போயிடும். அதை கிளேஸுக்கு மேல வரைஞ்சு, குறைஞ்ச சூட்டுல திரும்பச் சுடணும். தங்கம்னா அதுக்கு இன்னொரு சூடு. ஒவ்வொரு தடவை சூளைக்குள்ள போறதும் ஒரு சூதாட்டம். வண்ணம் கூடக் கூட விலை ஏறுறதுக்குக் காரணம் இதுதான்.

பாணி என்று பார்த்தா ஆரம்பத்துல எல்லாமே காப்பி. ஜப்பானோட காக்கியெமோன் பாணியில காடை, மூங்கில், நிறைய வெள்ளை இடம்; செல்சியும் போவும் அதை அப்படியே போட்டாங்க. போ தொழிற்சாலை தனக்கு வச்சுக்கிட்ட பேரே "நியூ கான்டன்". 1750-ன்னு தேதி போட்டு அந்தப் பேரோட மைக்கூடுகள் இருக்கு. வூஸ்டர்காரங்க தட்டுக்கு அடியில சீன எழுத்து மாதிரி ஒரு சதுர முத்திரை போட்டாங்க. அது எந்த மொழியிலயும் எழுத்து கிடையாது. மைசனோட குறுக்குவாள் முத்திரையையும் விடல.

ஆனா காப்பி அடிச்சுக்கிட்டே இருக்கும்போது எங்கேயோ ஒரு இடத்துல சொந்தக் கை வந்துடுது. 1750-கள்ல செல்சி தட்டுல தாவரவியல் படங்கள் வருது. ஒரு பெரிய இலை, விதை, வேர், தட்டு விளிம்பைப் பத்திக் கவலையே படாம குறுக்கே நீட்டிக்கிட்டு. சர் ஹான்ஸ் ஸ்லோன் பேரால சொல்லப்படற இந்தத் தட்டுகளை சீனாவும் செய்யல, ஜெர்மனியும் இப்படிச் செய்யல. வூஸ்டர்ல மீன் செதில் மாதிரி நீலப் பின்னணி, நடுவுல கண்ணாடிச் சட்டம் மாதிரி விட்ட வெள்ளை இடத்துல பூக்கள். டெர்பியில ஜப்பான் இமாரி பாணியை எடுத்து நீலம், செங்காவி, தங்கம்னு கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை மாதிரி அடைச்சாங்க. அதே டெர்பியில வில்லியம் பில்லிங்ஸ்லி ரோஜா வரைஞ்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இதழ் முழுக்க நிறத்தைப் பூசிட்டு, அப்புறம் தூரிகையால ஒத்தி எடுப்பார். எடுத்த இடத்துல வெளிச்சம் வரும்.

அப்புறம் அச்சு வந்தது. செப்புத் தகட்டுல செதுக்கி, மெல்லிய காகிதத்துல எடுத்து, பாத்திரத்துல ஒத்துறது. 1756-ல லிவர்பூல்ல சாட்லர், கிரீன்னு ரெண்டு பேர் ஆறு மணி நேரத்துல 1,200-க்கு மேல மண் ஓடுகள்ல படம் அச்சடிச்சோம்னு சத்தியப் பத்திரமே எழுதிக் கொடுத்தாங்க. கையால வரையுற ஓவியர் அதைப் படிச்சப்போ எப்படி இருந்திருக்கும்? ஏ.ஐ. கோட் எழுதுறதைப் பார்க்கிற நம்மளைக் கேட்டா சொல்லுவோம்.

இப்போ நான் சொல்ல வந்த இடம். செல்சி தட்டுகள்ல அங்கங்க ஒரு சின்னப் பூச்சி, ஒரு பட்டாம்பூச்சி, தனியா ஒரு இலை இருக்கும். வடிவத்துக்குச் சம்பந்தமே இருக்காது. அதுல பலதுக்கு அடியில ஒரு புள்ளியோ, குழியோ, சூளையில வந்த சின்ன விரிசலோ இருக்கும். குறையை மறைக்க வரைஞ்ச பூச்சி. மைசன்லயும் இந்தத் தந்திரம் உண்டு.

"பார்த்தியா, அவங்களும் மறைச்சாங்கல்ல?"ன்னு என் டீம்மேட் உடனே கேட்டான். நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். என் பதில் இதுதான்: விற்பனைக்குப் போற தட்டுல பூச்சி வரையலாம். சூளைக் கணக்கு எழுதுற நோட்டுல பூச்சி வரையக்கூடாது. ஃப்ரையோ வூஸ்டர்காரங்களோ தங்களோட சொந்தக் குறிப்புலயும் "எல்லாம் நல்லா வந்தது"ன்னு எழுதியிருந்தா, அடுத்த கலவையை எதை வச்சு மாத்தியிருப்பாங்க? நம்ம லேப் ரெக்கார்ட் எந்த வகை? அது கஸ்டமருக்குப் போற தட்டா, சூளை நோட்டா? நாம அதைத் தட்டு மாதிரி நினைச்சு முழுக்கப் பட்டாம்பூச்சியா வரைஞ்சு வச்சிருக்கோம்.

குப்பைதான் சாட்சி

பீங்கான் சேர்க்கிறவங்க குறையை எப்படிப் பார்க்கிறாங்கன்னு கவனிங்க. ஒரு கோப்பையைக் கையில எடுத்ததும் தலைகீழாத் திருப்புவாங்க. அடிப்பக்கம்தான் பொய் சொல்லாது. அப்புறம் விளக்குக்கு நேராப் பிடிப்பாங்க. வூஸ்டர் மாக்கல் பீங்கான்ல வெளிச்சம் லேசான பச்சையா வரும். செல்சியோட சிவப்பு நங்கூர முத்திரைக் காலத்துத் தட்டுல சின்னச் சின்ன நிலா மாதிரி பிரகாசமான புள்ளிகள் தெரியும். அது மாவுக்குள்ள மாட்டின காற்றுக் குமிழி. அதாவது தயாரிப்புக் குறை. அந்தக் குறைதான் இன்னைக்கு "இது அசல்"னு சொல்ற அடையாளம்.

போலி எப்படி மாட்டுது தெரியுமா? 19-ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல சாம்சன் என்ற நிறுவனம் செல்சி, வூஸ்டர் எல்லாத்தையும் நகல் எடுத்தது. ஓவியம் பிரமாதம். ஆனா அவங்க பயன்படுத்துனது சீன முறையிலான கெட்டிப் பீங்கான், அசலைவிடக் குறையில்லாதது. அதனாலயே பிடிபட்டுச்சு. இன்னொரு சூசகம்: அசல் செல்சி நங்கூரம் அரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், ஓரமா எங்கேயாவது. போலியிலதான் நங்கூரத்தைப் பெருசா, நடுவுல, பளிச்சுன்னு போடுவாங்க. எல்லா ரீடிங்கும் நேர்கோட்டுல உட்கார்ந்திருக்கிற நம்ம கிராஃப் உங்களுக்கு ஞாபகம் வருதா? எனக்கு வந்தது.

என்னை உலுக்கின விஷயம் லைம்ஹவுஸ். லண்டன் லைம்ஹவுஸ்ல 1740-கள்ல ரெண்டு மூணு வருஷம் மட்டும் ஓடி மூடின ஒரு பீங்கான் தொழிற்சாலை. பேர் மட்டும் பழைய விளம்பரங்கள்ல இருந்தது, எந்தப் பாத்திரம் அவங்களோடதுன்னு நிச்சயமாச் சொல்ல ஆதாரம் இல்லை. 1990-ல அந்த இடத்தைத் தோண்டினப்போ சூளையில கெட்டுப்போய்த் தூக்கிப் போட்ட துண்டுகள் கிடைச்சது. அதை வச்சுப் பார்த்தா, அதுவரை லிவர்பூல் பீங்கான்னு சேர்க்கிறவங்க அலமாரியில பேர் எழுதி வச்சிருந்த ஒரு கூட்டமே உண்மையில லைம்ஹவுஸ்ல செஞ்சது. நல்லா வந்த பாத்திரங்களால தன் பேரைச் சொல்ல முடியல. 240 வருஷம் கழிச்சு அந்தத் தொழிற்சாலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதோட குப்பை.

இன்னொருத்தரையும் சொல்லணும். லேடி ஷார்லட் ஷ்ரைபர். முதல் கணவர் 1852-ல இறந்ததும் வேல்ஸ்ல டவ்லைஸ் என்ற பெரிய இரும்பு ஆலையை நடத்தின பெண். அந்த 19-ஆம் நூற்றாண்டுல. அப்புறம் ரெண்டாவது கணவரோட ஐரோப்பா முழுக்கக் கடை கடையா ஏறி இறங்கி இங்கிலாந்துப் பீங்கானைத் தேடிச் சேர்த்தார். என்ன வாங்கினோம், எங்க, என்ன விலைன்னு டைரி எழுதினார். 1884-ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை இன்னைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கொடுத்துட்டார். நான் ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பார்க்கிற பல தட்டு அவர் பேரம் பேசி வாங்கினது. நல்ல சேகரிப்புக்கு அர்த்தம் இதுதான்னு நினைக்கிறேன்: பொருளோட சேர்த்துக் குறிப்பையும் வைக்கணும், அடுத்தவங்க பார்க்கிற இடத்துல வைக்கணும்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

ரெண்டு ஆட்சேபணை வரும்னு தெரியும்.

ஒண்ணு, "வெள்ளைக்காரன் கோப்பையைத் தூக்கிப் பேசுறியே." உண்மையைச் சொன்னா எனக்கு இது எதிர்ப்பக்கமா வேலை செஞ்சது. இங்கிலீஷ் மீடியத்துல பதினாலு வருஷம் படிச்சதுல, அவங்க எல்லாத்தையும் பொறக்கும்போதே கண்டுபிடிச்சுட்டு வந்தவங்கன்னு ஒரு நினைப்பு எனக்குள்ள இருந்தது. யாரும் சொல்லித் தரல, தானா ஏறிடுச்சு. சீன எழுத்து தெரியாமக் கோணல் மாணலா முத்திரை போட்ட வூஸ்டர் தட்டைப் பார்த்தப்போ அது கரைஞ்சது. ஆசியாவைப் பார்த்துக் காப்பி அடிச்சு, தோத்து, திரும்ப அடிச்சு, கத்துக்கிட்டவங்க அவங்க. அவங்களும் ஒரு காலத்துல ஃபர்ஸ்ட் இயர்தான்.

ரெண்டாவது, "மார்க் போயிடும்டா." இது நியாயமான பயம். ப்ளேஸ்மென்ட் ஃபார்ம்ல சி.ஜி.பி.ஏ. கேக்கிறாங்க, நேர்மை எத்தனைன்னு கேக்கிறதில்லை. உடைஞ்ச ஓட்டைக் காட்டினா எக்ஸாமினர் ரெண்டு மார்க் குறைக்கலாம். அதை இல்லைன்னு நான் சொல்லல. ஆனா மறைச்சா யாருக்கு நஷ்டம்னு பாருங்க.

எங்க முதல் ஏழு ஓடு ஏன் உடைஞ்சது? சாயங்காலம் லேப் பூட்டற நேரம்னு ஃபர்னஸ் கதவைச் சீக்கிரம் திறந்துட்டோம். 573 டிகிரி பக்கத்துல குவார்ட்ஸ் சட்டுனு சுருங்கும். அந்த இடத்தை மெதுவாக் கடக்கணும். ரெண்டாவது தடவை ராத்திரி முழுக்க மூடியே விட்டோம், அஞ்சும் பிழைச்சது. இது செகண்ட் இயர்லயே படிச்ச பாடம், எழுதி மார்க் வாங்கின பாடம். ஆனா கையில விரிசல் வந்தப்புறம்தான் புரிஞ்சது.

இதோட முடியல. நாங்க பின்பற்றின சுடும் அட்டவணை நாங்களா போட்டது இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ப்ராஜெக்ட் பண்ண சீனியர்ஸ் ரிப்போர்ட்ல இருந்து எடுத்தது. அந்த டீம்ல ஒரு அண்ணனுக்கு போன் பண்ணிக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "எங்களுக்கும் முதல் பேட்ச் உடைஞ்சதுடா. ரிப்போர்ட்ல போடல. யாருடா போடுவா?" அவங்க போடாத ஒரு வரியால எங்களுக்கு ஒரு மாசம் போச்சு. அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவரோட இடத்துல நானும் அதையேதான் செய்ய இருந்தேன். இப்போ நாங்களும் அந்த வரியை விட்டா, அடுத்த பேட்ச் தம்பி தங்கச்சிகளோட ஒரு மாசமும் போகும்.

அதனால டிபார்ட்மென்டுக்கு என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "தோத்த முயற்சிகள்"னு ஒரு பக்கம் கட்டாயமாக்குங்க, அதுக்கு மார்க்கும் வைங்க. குறைக்கிற மார்க் இல்லை, கொடுக்கிற மார்க். ரெண்டு, லேப் வாசல்ல கோப்பையும் கேடயமும் இருக்கிற கண்ணாடி அலமாரியில ஒரே ஒரு தட்டு காலி பண்ணுங்க. உடைஞ்ச ஓடு, வளைஞ்ச வெல்டிங், கருகின போர்டு எல்லாத்தையும் தேதியும் காரணமும் எழுதிய சீட்டோட அங்க வைங்க. ஜூனியர்ஸ் எடுத்துத் தலைகீழாத் திருப்பிப் பார்க்கட்டும்.

எங்க ரிவ்யூ அடுத்த வியாழக்கிழமை. உடைஞ்ச ஏழையும் ஒரு ஷூ டப்பாவுல பேப்பர் சுத்தி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல நம்பர், தேதி, கதவு திறந்த நேரம் எழுதியாச்சு. டீம்ல ரெண்டு பேர் சரின்னுட்டாங்க. மூணாவது ஆள், "மார்க் போனா நீதான் ட்ரீட் வைக்கணும்"னு சொல்லியிருக்கான்.

வைக்கிறேன் மச்சான். டப்பாவை மட்டும் நீ பத்திரமாத் தூக்கிட்டு வா.